கட்டிலில் இருந்து கேட் வரை

நாவுல
2024 ஓகஸ்ட் 2, வெள்ளி

அஸ்ஸலாமு அலைக்கும் நானா,

உம்மா எழும்பி நின்றார், நான் பிடிக்காமல், வோக்கரை மட்டும் பிடித்துக்கொண்டு, பதினொரு விநாடி, நான்தான் எண்ணினேன், சத்தியமாகப் பதினொன்று!

சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். நீங்கள் சுகமா? கடல் அமைதியா? கப்பலில் உங்கள் சமையலைச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா? இங்கே நாங்கள் சுகம், உம்மாவின் இடது காலைத் தவிர.

வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கப்பல் மெயிலில் எழுத்து மட்டும்தான் போகும் என்பதால் எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. உம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஒப்பரேஷன் முடிந்த கையோடு இரண்டு நர்ஸ்மார் பிடித்து நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். காலை பத்து மணி. உம்மா இத்தாவுக்கு உடுத்த வெள்ளை உடுப்போடு கட்டில் ஓரத்தில் இருந்தார். நான் பிஸ்மி சொன்னேன். உம்மா எழும்பினார். முழங்கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. திரும்ப இருந்ததும், "பதினொண்ணு உம்மா!" என்று கத்தினேன்.

"நீ எண்ணுற வேகத்துக்குப் பதினொண்ணு. மணிக்கூட்டுக்கு ஆறு," என்றார்.

வாப்பா மௌத்தாகி இருபத்தேழு நாளில் உம்மாவின் வாயிலிருந்து வந்த முதல் பகிடி இது.

ஜூலை பதினேழாம் திகதி மாத்தளை ஆஸ்பத்திரி பிசியோ கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் சொன்னபடி போகவில்லை. புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவர் நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, அங்கே பிசியோ ஆம்பிளையாகவும் இருக்கலாம் என்று சொன்னீர்கள். கார்டு அலுமாரிக்குள் இருக்கிறது. அதனால் என்ன? எனக்கு டொக்டர் அக்கா இருக்கிறார். கனடாவில் இருந்து தமிழில் வீடியோ போடுகிறார், ஏழு லட்சம் பேர் பார்க்கிறார்கள். எல்லா வீடியோவும் பார்த்து முடித்துவிட்டேன், சிலதை மூன்று தடவை. ஒரு கொமெண்டுக்கு இதயம் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் அன்று சாப்பிடவே இல்லை.

நாளைக்குப் பன்னிரண்டு விநாடி, இன்ஷா அல்லாஹ்.

தங்கச்சி ஷஸ்னா


கடலில்
ஓகஸ்ட் 11

அன்புத் தங்கச்சிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

அல்லாஹ் உதவியால் நான் சுகம். உன் மெயில் ஒன்பதாம் திகதி பின்னேரம்தான் கைக்குக் கிடைத்தது. பதினொரு விநாடியில் ஒரு முட்டைகூடப் பொரிக்க முடியாது. ஆனாலும் அன்று எல்லாருக்கும் வட்டலப்பம் செய்தேன். எஞ்சின் ரூம் ஆட்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள், எங்கள் உம்மா நின்றார் என்றேன். கை தட்டினார்கள்.

உம்மா சாப்பிடுகிறாரா? மருந்து ஒழுங்கா? நீ தூங்குகிறாயா?

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இத்தா முடியும்வரை உம்மாவை எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம். வாப்பாவுக்காக நாங்கள் சரியாகச் செய்து முடிக்கக் கூடியது இனி இது ஒன்றுதான். நவம்பருக்கு அதிக நாள் இல்லை.

உம்மாவுக்கு என் ஸலாம்.

ரிஸ்வி நானா


நாவுல
ஓகஸ்ட் 18

நானா, ஸலாம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன், ஏனென்றால் சொல்ல நிறைய இருக்கிறது.

கட்டிலில் இருந்து யன்னல்வரை நாலு காலடி! போக நாலு, வர நாலு. யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, வாப்பா காய்கறிப் பெட்டி அடுக்குகிற கொட்டிலுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றார். எனக்கே தெரியாத செய்தி.

பக்கத்து வீட்டுப் பெண்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிறார்கள். உம்மா கதிரையில் இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இத்தாவில் இருக்கிறவர் தாழ்வாகத்தான் இருக்க வேண்டுமாம். இலட்சணமாக ஒரு சின்ன முக்காலியும் கொண்டுவந்து தந்தார்கள், ஒரு முழ உயரம்கூட இல்லை. ஒருவர், "கதிரையில ராணி மாதிரி இருக்கீங்களே ஜெஸீமா," என்று கேட்டுவிட்டார். உம்மா, "ராணிக்கு இடுப்புல இரும்பு வைக்கிறதில்ல," என்றார். ஆனால் அவர்கள் போன பிறகு முக்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று. புதன்கிழமை மர்வா மதினி மாத்தளையில் இருந்து வந்தார். கேக் கொண்டுவந்தார், உம்மாவின் தலையை வாரிவிட்டார், எல்லாம் சந்தோஷம். போகிற நேரம் கைப்பையில் இருந்து அளவு நாடாவை எடுத்து உம்மாவின் கட்டிலை அளந்தார். நீளம், அகலம், பிறகு கதவு. ஏன் என்று கேட்டேன். "மேல் அறைக்குள்ள போகுமான்னு பார்க்கச் சொன்னாரு உங்க நானா," என்றார்.

நானா, இது என்ன அளவு?

ஷஸ்னா


கடலில்
ஓகஸ்ட் 30

அன்புத் தங்கச்சி, நலமாக இரு என்று துஆ செய்துகொண்டு எழுதுகிறேன்.

நான் நேரே சொல்லியிருக்க வேண்டும். நவம்பர் நடுவில் எனக்கு லீவு. வந்ததும் உம்மாவையும் உன்னையும் மாத்தளைக்குக் கூட்டிப்போக யோசித்திருக்கிறேன். நாவுல வீட்டைப் பூட்டிவிடலாம். வாப்பா இல்லாத வீட்டில் உம்மா திரும்ப விழுந்தால் நீ தனியாக என்ன செய்வாய்? நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீட்டுக்குப் பத்தொன்பது படி என்று நீ சொல்வாய். தெரியும். நாலு பேர் பிடித்து ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும்.

உம்மா தன்பாட்டில் நடக்கிறவராக இருந்தால் பேச்சு வேறு. நான் வருகிற அன்று உம்மா வந்து கேட்டைத் திறக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை.

ரிஸ்வி நானா


நாவுல
செப்டம்பர் 2

நானா,

கட்டிலில் இருந்து கேட் பூட்டுவரை நாற்பத்திரண்டு காலடி, நடுவில் இரண்டு படி. அளந்துவிட்டேன். பத்தொன்பது படிக்கு ஏற்றினால் உம்மா பிறகு இறங்கவே மாட்டார் என்று உங்களுக்கும் தெரியும், அதனால்தான் ஒரு தடவை போதும் என்று எழுதினீர்கள்.

டொக்டர் அக்காவிடம் முப்பது நாள் சவால் ஒன்று இருக்கிறது. இன்றைக்கே தொடங்குகிறோம். பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

உம்மா உங்களுக்கு ஸலாம் சொன்னார். மேல் அறை விஷயம் அவருக்குத் தெரியாது.

ஷஸ்னா


கடலில்
செப்டம்பர் 13

தங்கச்சிக்கு ஸலாம்.

நீங்கள் இருவரும் சுகமா? பதினொரு நாளாக உன் மெயில் இல்லை. கோபமா? சவால் எந்த மட்டில்? பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டனவா?

நானா


கடலில்
செப்டம்பர் 21

ஷஸ்னா,

துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் மர்வாவிடம் கேட்டேன். எல்லாரும் சுகம், ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றாள். வாப்பாவின் கடைசிக் கிழமையிலும் எனக்கு இதே வசனத்தைத்தான் சொன்னீர்கள்.

என்ன நடந்தது என்று எழுது. எதுவாக இருந்தாலும்.

நானா


நாவுல
செப்டம்பர் 24, செவ்வாய்

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் இதை வாசியுங்கள்: உம்மா இப்போது சுகம். இனி மற்றது.

சவாலில் மூன்றாம் நாள் தாழ்வான இடத்தில் இருந்து எழும்புகிற பயிற்சி. வீட்டில் அந்த முக்காலி இருந்தது. அந்தப் பெண்கள் சொன்னதும் நிறைவேறும், பயிற்சியும் ஆகும் என்று நினைத்தேன். உம்மா அதில் இருந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. நான் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். உம்மா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

அதற்குப் பிறகு காலைத் தரையில் வைக்கவே இல்லை. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் உங்களுக்கு எழுதியிருப்பேன்.

அலுமாரியில் இருந்து கிளினிக் கார்டை எடுத்தேன். அதோடு சிங்களத்தில் அச்சடித்த ஒரு தாளும் தந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று முன்பக்கத்தை வாசித்திருந்தேன். திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் படம் போட்டு மேலே குறுக்குக் கோடு இழுத்திருந்தது: தாழ்வான இருக்கை கூடாது, கால் மேல் கால் கூடாது, ரொம்பக் குனியக் கூடாது. உடைந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த ஒன்றை வைத்திருக்கிறார்கள், அது கழன்றுவிடலாம். டொக்டர் அக்காவின் வீடியோவை மறுபடி பார்த்தேன். முதல் வரியிலேயே சொல்கிறார், முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு என்று. நான் எப்போதும் அந்த இடத்தை ஓடவிட்டுத்தான் பார்ப்பேன்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டே புஹாரி மௌலவிக்குப் போன் எடுத்தேன். இத்தாவில் இருக்கிற உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எவ்வளவு பாவம் என்று கேட்டேன். அப்படியேதான் கேட்டேன்.

அவர் கார்டில் எந்தத் திகதி போட்டிருக்கிறது என்று கேட்டார். பிறகு, "மருந்து எடுக்கப் போறதுக்கு என்ன தடை மகள்? தாராளமாப் போங்க, வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க," என்றார். "ரெண்டு மாசமா உம்மாவ இப்பிடி வெச்சிருந்தீங்களா? என்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."

ஒருத்தரும் கேட்கவில்லை நானா. நீங்களும் இல்லை, நானும் இல்லை, முக்காலி கொண்டுவந்தவர்களும் இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்தோம்.

போன புதன்கிழமை த்ரீவீலில் திரை கட்டிப் போனோம். வழியில் நாலந்தாவில் நிறுத்தி, விறைப்பு எடுக்க உம்மாவை நல்ல காலில் ஒரு தரம் எழுப்பி நிறுத்தினேன். எக்ஸ்ரேயில் மூட்டு இடத்திலேயே இருக்கிறது, தசைதான் பிடித்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வராமல் விட்ட ஒன்பது கிழமையில் தொடை சதை பாதியாக வற்றிவிட்டது என்றார்கள். பிசியோ ஒரு பெண். சாம்பவி மிஸ், யாழ்ப்பாணத்து ஆள். நாங்கள் பயந்த ஆம்பிளை அந்த அறையிலேயே இல்லை.

உங்களிடம் அனுமதி கேட்காமல் போனேன். மன்னிப்புக் கேட்பதா என்று ஆறு நாளாக யோசிக்கிறேன். போனதற்குக் கேட்க மாட்டேன். இழுத்ததற்குக் கேட்கிறேன்.

ஷஸ்னா


கடலில்
ஒக்டோபர் 13

அன்புத் தங்கச்சி ஷஸ்னாவுக்கு ஸலாம். உடம்பு சுகம்.

பதில் சுணங்கிவிட்டது. மெயில் வந்த அன்றே வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் உன்னை ஏசத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன்.

வாப்பாவை அடக்கிய நேரம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். செய்தி எனக்கு மறுநாள்தான் வந்தது. ஜனாஸாவும் இல்லை, மூன்று பிடி மண்ணும் இல்லை. இத்தாவாவது ஒரு பிழையும் இல்லாமல் முடியட்டும் என்று பிடித்துக்கொண்டேன். அதற்கு உம்மாவின் காலை விலையாகக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

முக்காலியில் இருத்தியது நீ என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையில் பூட்டி வைத்தது நான்.

சாம்பவி மிஸ் என்ன சொன்னார்? முழுக்க எழுது. படி ஏறுவதைப் பற்றியும் கேள்.

நானா


நாவுல
ஒக்டோபர் 19

நானா, ஸலாம், சுகம், மழை தொடங்கிவிட்டது, பூனைக்குட்டிகள் மூன்று, நான் இப்போது சாம்பவி மிஸ்ஸின் விசிறி!

அவருக்கு ஒரு யூடியூப் சனலும் இல்லை. முதல் நாள் நான் போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போனேன். "தங்கச்சி, உந்தப் போனை உள்ள வையுங்கோ. அம்மான்ர முகத்தைப் பாருங்கோ, நோ எங்க தொடங்குது எண்டு முகம் சொல்லும்," என்றார். நான் இவ்வளவு நாளும் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வோக்கர் இரண்டு துளை உயரமாம். குறைத்ததும் உம்மாவின் தோள் இறங்கியது. கதிரைக் காலுக்குப் பலகைத் துண்டு வைத்து உயர்த்தியிருக்கிறோம். அதில் இருந்து கையூன்றாமல் எழும்பித் திரும்ப உட்காருவது, ஒரு நேரத்துக்குப் பத்துத் தரம். குசினி மேசையைப் பிடித்துப் பக்கவாட்டில் நடப்பது. படிக்கு ஒரே விதி: "ஏறேக்க நல்ல கால் முன்னுக்கு, இறங்கேக்க நொந்த கால் முன்னுக்கு." உம்மா இதை ஓதுவது போல மனப்பாடம் செய்துவிட்டார். பத்தொன்பது படி பற்றியும் கேட்டேன். ஏறலாம், ஆனால் தினமும் இறங்கி ஏறத் தெம்பு வர ஆறு மாதமாவது வேண்டும், அதுவரை மேலேயே இருந்துவிட்டால் கால் மறந்துவிடும் என்றார்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

இரண்டாவது புதன் மிஸ் உம்மாவிடம், "அம்மா, நடந்து எங்க போக விருப்பம்? போறதுக்கு ஒரு இடம் வேணும்," என்று கேட்டார்.   உம்மா பதிலை வீட்டுக்கு வந்து, நான் தேத்தண்ணியைக் கையில் கொடுத்த பிறகுதான் சொன்னார்.

"அவரு மௌத்தான அன்னைக்கு நீ எனக்கு மருந்து எடுக்கக் கடைக்குப் போயிருந்தாய். உங்க வாப்பா ஹோல்ல விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிச்சு. ஜெஸீமான்னு ரெண்டு தரம் கூப்பிட்டாரு. பதிமூணு காலடி. என்னால எழும்ப ஏலல. அதுக்குப் பிறகு எங்க போக நான் நடந்து பழகணும்?"

நான் கட்டிலில் இருந்து கேட் வரைக்கும் அளந்திருந்தேன். உம்மா ஹோல் வரைக்கும் அளந்து வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த புதன் மிஸ் திரும்பவும் அதையே கேட்டார். உம்மா, "கேட் வரைக்கும். மகன் வாறாரு," என்றார். மேல் அறை விஷயம் அவருக்கு எப்போதோ தெரியும் போல. கட்டிலை அளந்தபோது அதில் படுத்திருந்தவர் அவர்தானே.

ஷஸ்னா


துறைமுகத்தில்
நவம்பர் 6

தங்கச்சிக்கு ஸலாம்.

பதினாறாம் திகதி, சனிக்கிழமை, பஸ்ஸில் வருவேன். பத்து பத்தரையாகும்.

உம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். கேட் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது, நானே திறந்துகொள்வேன். கேட்டைப் பற்றி நான் ஓகஸ்டில் எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

வாப்பா கூப்பிட்டது பற்றி எழுதினாய். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

நானா


நாவுல
நவம்பர் 18, திங்கள்

அன்புள்ள மாமிமார், சாச்சிமார், மர்வா மதினி, மச்சான்மார் எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்ற துஆவோடு, இந்த ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வீடியோ கேட்காதீர்கள். எடுக்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் திகதி உம்மாவின் இத்தா முடிந்தது. பதினாலாம் திகதி த்ரீவீலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வோட்டுப் போட்டார். பதினாறாம் திகதி பத்து இருபதுக்கு நானா வந்து கேட்டடியில் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

உம்மா கட்டிலடிக் கதிரையில் இருந்து எழும்பினார், கையூன்றாமல். வோக்கரை வேண்டாம் என்று வாப்பாவின் கைத்தடியை எடுத்தார். மிஸ் அதை அளவாக வெட்டித்தரச் சொல்லியிருந்தார், வெட்டியிருந்தோம். ஹோலில், வாப்பா விழுந்த இடத்தில், பதிமூன்றாவது காலடியில் நின்றார்.  பிறகு நடந்தார். படியில் நொந்த கால் முன்னுக்கு. முற்றம் ஈரம், நான் பின்னால் ஒரு கை தூரத்தில்.

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நானா நனைந்துகொண்டு நின்றார். சாவி அவருடைய கையிலேயே இருந்தது. பூட்டு அவருக்கும் எட்டும். இரண்டு தரம் கையைத் தூக்கியதைக் கண்டேன். இரண்டு தரமும் கீழே போட்டுவிட்டார். நாலு நிமிஷம். இந்தத் தடவை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன்.

உம்மா பூட்டைத் திறந்தார். விரலில் மை இன்னும் இருந்தது. "என்ன மகன், சாவி தொலைஞ்சா?" என்று கேட்டார்.

"இல்ல உம்மா," என்றார் நானா.  மேல் அறையைப் பற்றி இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

இனி என் வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், விழுந்து இடுப்பெலும்பு உடைந்த ஒருவர் படுத்திருக்கலாம். இத்தாவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிளினிக் கார்டு அலுமாரிக்குள் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள், தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். போகலாமா என்று உங்கள் மௌலவியிடம் இன்றைக்கே கேளுங்கள், எங்களைப் போல ஒன்பது கிழமை விடாதீர்கள். என்னைப் போல வீடியோவைப் பார்த்து இழுக்காதீர்கள். இதைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள், யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று எனக்குப் பதில் போடுங்கள்.

வருகிற வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். நானா சமைக்கிறார். முக்காலி கொண்டுவர வேண்டாம். கேட் பூட்டியிருக்கும். சத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள், மழை பெய்தாலும் நில்லுங்கள். உம்மா வருவார்.

ஷஸ்னா